கடைசி வருஷ மாடல்

சக்கர நாற்காலி மருத்துவமனை வாசலின் சரிவில் இறங்கத் தொடங்கியதுமே அக்கா கையைத் தூக்கி நர்ஸை நிறுத்தச் சொன்னாள். போர்டிகோவின் கீழே காரின் பின்கதவைத் திறந்துவைத்து, தலையணையும் கையுமாகத் தம்பி நின்றிருந்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தாள்.

"இத எதுக்குடா எடுத்துட்டு வந்த?"

"உன் வண்டிதானேக்கா."

"என் வண்டின்னு எனக்குத் தெரியாதா? எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னு கேக்குறேன்."

காலையிலேயே எழுந்து அந்த வண்டியைக் கழுவித் துடைத்து, ஆஸ்பத்திரி வாசனை தெரியக்கூடாது என்று உள்ளே சந்தனத் தைலம்கூடத் தெளித்திருந்தான் தம்பி. அவளுக்குப் பிடித்த வண்டி. இதைத் தவிர வேறு எதிலும் அவள் மலை ஏறியதில்லை. மலை மேல் இருக்கிற வீட்டுக்குப் போக டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்த இளம் டாக்டர், "வழியிலகூட எதுவும் ஆகலாம், தெரிஞ்சுக்கங்க" என்று மெதுவாகச் சொன்னபோது தம்பி முதலில் நினைத்தது, எந்த வண்டி என்பதைத்தான். அதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

"மீசைக்கு போன் போட்டு மகாராணிய எடுத்துட்டு வரச் சொல்லு," என்றாள் அக்கா.

தம்பி தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "என் வண்டியில ஏறவே மாட்டேன்னுதானே சொல்லுவ."

"சாகவே மாட்டேன்னுகூடத்தான் நெனச்சிட்டிருந்தேன். போன் போடு."

நர்ஸ் சிரித்துவிட்டு, சிரித்திருக்கலாமா என்று தெரியாமல் நாற்காலியின் பிரேக்கைச் சரிபார்த்தாள். "ஆம்புலன்ஸ்ல போனா வசதியா இருக்கும்மா. படுத்துக்கிட்டே போயிரலாம்."

"அந்த வேனப் பாத்தேன். பின்னாடி பட்டை ஸ்பிரிங். சிமெண்டு மூட்டை ஏத்தறதுக்குச் செஞ்சது," என்றாள் அக்கா. பிறகு தம்பியிடம் திரும்பி, விலை பேசி முடிக்கும் குரலில் சொன்னாள். "இங்க பாரு. மகாராணி வழியில நின்னா, இத்தன வருஷமா நான் சொன்னதுதான் சரின்னு ஆயிரும். நிக்காமப் போனா, வீட்டுக்குப் போய்ச் சேந்துருவேன். எனக்கு ரெண்டுமே லாபம். புரிஞ்சுதா?"

தம்பியின் மனைவி மருந்துப் பையுடன் பின்னால் வந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். "அண்ணி, இந்த நேரத்துல எதுக்குப் பந்தயம்?" என்றாள் டீச்சர்.

"வேற எந்த நேரத்துல டீச்சர்?"

தம்பி போனை எடுத்தான்.

தம்பிக்கு ஐம்பத்தைந்து வயது. காதோரம் நரைத்துவிட்டது, இடது முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்கிறது. ஆனாலும் பழைய கார் வாங்க வருகிறவர்கள், ஏலக்காரர்கள், பஞ்சர் கடைக்காரர் என்று பைபாஸ் ரோட்டில் எல்லோருக்கும் அவன் தம்பிதான். அவள் எல்லோருக்கும் அக்கா. இருவரும் சேர்ந்து நடத்திய யார்டில் பழைய சொகுசு செடான்களைத் தவிர வேறு எதுவும் நிற்காது. "ஒரு காலத்துல பெரிய மனுஷன் பின்னாடி உக்காந்து போன வண்டி, இன்னிக்குப் பல் டாக்டரு வாங்குற விலைக்கு வந்திருக்கு. நடுவுல என்ன ஆச்சுன்னு சொல்றதுதான் நம்ம தொழில்" என்பாள் அக்கா. ஒரு பெரிய ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஓட்டல் தன் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, நகையை வைத்து ஒன்றை எடுத்தாள். அதை ஓட்டி வர ஆள் வேண்டியிருந்தது. கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்த தம்பியைப் பிடித்து உட்காரவைத்தாள். உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில் வாங்கியது ஒரு கம்பெனியின் பெரிய செடான். அதன் மூன்று தலைமுறைகளையும் அவர்கள் வாங்கி விற்றார்கள், மூன்றுக்கும் அக்கா பெயர் வைத்திருந்தாள். முதல் தலைமுறை, பெட்டி; தம்பி இன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அக்காவின் வண்டியும் அதுதான். சதுரமாக, அலமாரியைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். கதவின் அடிப்பகுதி துருப்பிடிக்கும், அவ்வளவுதான் அதன் வியாதி. இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்ற மறக்காதவன் பேரனுக்கும் விட்டுப் போகலாம். இரண்டாவது, முன்விளக்கு துருத்திக்கொண்டிருந்த தவளை. ஓடுவதற்கு அருமை, ஆனால் வயர்களின் மேலுறை சூட்டில் பொரிந்து உதிரும். ஒருநாள் ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடும். தவளை வாங்கிய ஒரு கண் டாக்டர் நடுரோட்டில் புகையோடு நின்ற பிறகு அக்கா அந்த வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். அதோடு தவளைகளுக்கு யார்டில் இடமில்லாமல் போயிற்று.

மூன்றாவது தலைமுறையின் முதல் வண்டியைத் தம்பி அக்காவிடம் சொல்லாமல் ஏலத்தில் எடுத்தான். இரும்பு ஸ்பிரிங்குகளுக்குப் பதில் காற்றுப் பைகளின் மேல் மிதக்கிற வண்டி. மறுநாள் காலை யார்டைத் திறந்தபோது நான்கு பைகளிலும் காற்று இறங்கி, வயிறு தரையில் படப் படுத்திருந்தது. அக்கா அதைச் சுற்றி வந்தாள். உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க. மகாராணி தூங்குறாங்க" என்றாள். அன்று வைத்த பெயர்.

அந்தத் தலைமுறை கடைசி வருஷத்தில் திருந்திவிட்டது என்பது தம்பியின் கட்சி. கம்பெனிக்காரர்கள் பைகளை மாற்றினார்கள், அவற்றுக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரை மாற்றினார்கள், வயரிங்கைச் சரிசெய்தார்கள். கடைசி வருஷத்து மகாராணி ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, அதைப் பெட்டிக்குச் சமமாக ஓட்டிக்காட்டுவேன் என்று அவன் பிடிவாதமாக நின்றான். "காத்த நம்பி எவனாவது வண்டி ஓட்டுவானா?" என்பது அக்காவின் கட்சி. வாடிக்கையாளர்களுக்கு முன்னாலும், சாப்பாட்டு மேஜையிலும், ஒருமுறை வரித்துறை அதிகாரி உட்கார்ந்திருக்கும்போதும் இந்தச் சண்டை நடந்தது. அதிகாரி பிறகு வந்து ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். அதையும் அக்கா தன் வெற்றிக் கணக்கில்தான் வைத்தாள்.

மீசை மகாராணியைக் கொண்டுவந்து பெட்டியின் பின்னால் நிறுத்தினான். யார்டின் தலைமை மெக்கானிக். மீசையை மழித்துப் பல வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை. இறங்கி வந்தவன் அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் அவளுடைய செருப்பைப் பார்த்தபடி நின்றான்.

"என்ன மீசை, காத்துப் பையெல்லாம் மாத்தினியா?"

"முன்னாடி ரெண்டும் புதுசும்மா. பின்னாடி இடது பக்கமும் மாத்திட்டேன். வலது பக்கம்தான் பழசு."

"அப்ப எனக்கு இன்னும் வாய்ப்பிருக்கு," என்றாள் அக்கா.

மீசை சிரிக்க முயன்றான். பிறகு குனிந்து, யாரும் கேட்காமலே அவளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தான். வைத்த பிறகும் சீட் பெல்ட்டை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். "போதும் போ. யார்டப் பூட்டாம வந்திருப்ப," என்றாள் அக்கா. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். வாசலைத் தாண்டும்போது இண்டிகேட்டர் போட மறந்ததைத் தம்பி கவனித்தான். மீசை மறக்கிற ஆள் இல்லை.

வண்டி ஊரைத் தாண்டியது. டீச்சர் பின்சீட்டில் அக்காவின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். வலிக்கான மாத்திரை பையில் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலை நகர்த்தினால்கூட அக்காவின் பல் கடிபடும் சத்தம் கேட்கும். ஈரலில் வந்தது எலும்புக்குப் போயிருந்தது.

மலையடிவாரத்துக்கு முன்பு வருகிற சாலையை நினைத்துத்தான் தம்பி பயந்துகொண்டிருந்தான். லாரிகள் உழுதுபோட்ட சாலை. ராத்திரி பெய்த மழையில் குழிகள் நிறைந்து, எது ஆழம் எது மேடு என்று தெரியாமல் சேற்றுத் தண்ணீர் பளபளத்தது. வேகத்தைக் குறைத்தான். ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் அல்ல, விரல்களால் பிடித்துக்கொண்டான். முதல் குழியில் சக்கரம் இறங்கி ஏறியது. கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தான். கண் மூடியிருந்தது. வாய் இறுகவில்லை. இரண்டாவது குழி. மூன்றாவது. பக்கத்தில் போன பஸ் ஆட்டம் கண்டு, அதன் ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தடதடத்தன. மகாராணிக்குள் தண்ணீர் பாட்டில் நின்ற இடத்திலேயே நின்றது.

அக்கா தூங்கிவிட்டாள். வாரக்கணக்காகத் தூங்காதவள். டீச்சர் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவன் தலையசைத்தான்.

சாலையின் கடைசிப் பகுதியில் அவள் விழித்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ரோடு போட்டுட்டாங்களாடா?"

டீச்சர் வாயைத் திறந்தாள். தம்பி கண்ணாடியில் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். எத்தனை வருஷத்துச் சண்டை. எத்தனை முறை இந்த ஒரு வாய்ப்புக்காகக் காத்திருந்தான் அவன். ஏறி உட்காரு, ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பாரு, அப்புறம் பேசு என்று எத்தனை முறை கெஞ்சியிருக்கிறான்.

"ஆமாக்கா. போன வாரம்தான் போட்டாங்க."

அக்கா மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு லாரி குழியில் மாட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. சேற்றுத் தண்ணீர் அதன் சக்கரத்திலிருந்து வாழை இலை அகலத்துக்குத் தெறித்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்காங்க," என்றாள்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

மலைச் சாலை நன்றாக இருந்தது. ஆனால் ஏற்றம். கீழே இருந்த வெக்கை வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே வந்தது. தம்பி ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினான். அக்கா கேட்டாள் என்பதற்காக இன்னும் கொஞ்சம் இறக்கினான். மலைப்பாதையில் பின்சீட்டிலிருந்து ஓட்டுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டே, உடம்பு சாயும் சாய்விலிருந்து வளைவு வருவதைத் தெரிந்துகொண்டு, "ஹாரன்" என்றாள். அவன் அடித்தான். அடுத்த வளைவில், "ஹாரன்." அடித்தான். அவள் சொல்லாவிட்டாலும் அடிப்பான்தான், அது அவளுக்கும் தெரியும்.

பாதி ஏற்றத்தில் டாஷ்போர்டில் மணி ஒலித்தது. மென்மையான, ஓட்டல் வரவேற்பறையில் கேட்பது போன்ற மணி. ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

அக்காவின் கண்கள் முழுசாகத் திறந்துகொண்டன. "மணி அடிச்சிருச்சா?"

தம்பி, மூடிக்கிடந்த ஒரு பழக்கடையின் முன்னால் அகலமான இடத்தில் வண்டியை ஒதுக்கினான். இறங்கிப் பின்பக்கம் வந்தான். வலது மூலை இறங்கியிருந்தது. சக்கரத்துக்கும் அதன் மேலிருக்கிற வளைவுத் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. மண்டி போட்டு, முழங்காலின் குறையைக் கேட்டுக்கொண்டே, காதை அருகில் வைத்தான். பழைய பை. மடிப்பில் எங்கோ வெடித்திருக்கிறது. காற்று சன்னமாகச் சீறியது. போகிற காற்றை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரசர் சூடாகி, தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது.

"நின்னுருச்சா?" என்று உள்ளிருந்து அக்காவின் குரல்.

"நிறுத்தியிருக்கேன்."

"நின்னதா, நிறுத்துனதா, டீச்சர் சொல்லட்டும். அவங்களுக்குத்தான் பொய் சொல்ல வராது."

டீச்சர் கணவனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "நின்னதுதான் அண்ணி."

அக்கா சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. குலுங்கியதில் வலித்தது, வலித்தும் நிறுத்தவில்லை. "கேட்டுக்கோடா. ஜெயிச்சாச்சு. இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

டீச்சர் இறங்கி வந்து அவனைப் பழக்கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். "டாக்ஸி கூப்பிடலாங்க. அண்ணி இருக்கிற நிலைமையில மலை நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"அவள ஒரு வண்டியில இருந்து தூக்கி இன்னொரு வண்டியில வைக்கணும். அதத் தாங்குவாளா?"

"பந்தயத்துக்காகச் சொல்லாதீங்க."

"பந்தயம் முடிஞ்சுபோச்சு. தோத்தாச்சு. இப்ப வண்டியப் பத்தி மட்டும்தான் சொல்றேன். கம்ப்ரசர் ஆறட்டும். ஆறுனதும் வண்டிய உயரத்துல தூக்கி வச்சா பையோட மடிப்பு இடம் மாறும், வெடிச்ச இடம் உள்ள பதிஞ்சுக்கும். வீடு வரைக்கும் தாங்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் இந்த முகத்தை அவள் நம்பியதில்லை. எல்லாவற்றுக்கும் நிச்சயமாக என்று சொல்கிறவனாக இருந்தான். வண்டி விஷயத்தில் மட்டும் அவன் அந்த வார்த்தையைத் தப்பாகப் பயன்படுத்தியதில்லை என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு வெகுகாலம் ஆயிற்று. "சரி," என்று சொல்லிவிட்டு, அக்காவின் மகளுக்குப் போன் செய்யத் தள்ளிப் போனாள். மகள் வெளிநாட்டிலிருந்து அன்று காலையில்தான் மலை வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

தம்பி பின்சீட்டில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்ஜின் நின்றிருந்தது. மரங்களிலிருந்து மழைத்தண்ணீர் கூரையில் சொட்டியது. அவள் உள்ளங்கை சூடாக, காய்ந்துபோன காகிதம் மாதிரி இருந்தது.

"டேய். ஒரு மாடலோட முதல் வருஷ வண்டிய ஏன் வாங்கக் கூடாது? சொல்லு." புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் அவள் கேட்கிற கேள்வி அது.

"கம்பெனி கத்துக்கறதே அந்த வண்டியிலதான். தப்பெல்லாம் அதுல இருக்கும்."

"ஆங். நம்ம வீட்ல முதல் வருஷ வண்டி நான். அப்பாவும் அம்மாவும் எல்லாத் தப்பையும் என்கிட்டதான் பண்ணிப் பாத்தாங்க. படிப்ப நிறுத்துனாங்க. அவசர அவசரமா ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்தாங்க. அவன் போனதும் ஐயோன்னு உக்காந்தாங்க. எல்லாத்தையும் சரிபண்ணிக் கடைசியா உன்ன இறக்குனாங்க."

"அப்ப நான் நல்ல வண்டியா?"

"நல்ல வண்டின்னு எப்ப சொன்னேன்? ரிப்பேர் கம்மின்னு சொல்றேன்."

அவன் சிரித்தான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் இப்போது ஒரு சின்ன ஏற்றம் இருந்தது, அதை ஏறித்தான் அடுத்த வாக்கியத்துக்கு வந்தாள்.

"ஆனா பாரு, முதல் வருஷ வண்டிதான் இத்தன தூரம் ஓடியிருக்கு."

"பராமரிப்பு அப்படி."

"யாரு பண்ணுனா? நானே பண்ணிக்கிட்டேன்." ஜன்னலைப் பார்த்தபடி சேர்த்துக்கொண்டாள். "சாவி எடுத்துக் குடுக்கக் கூடவே ஒருத்தன் இருந்தான்."

அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். "கம்ப்ரசர் ஆறியிருக்கும்க்கா," என்றான்.

"போய்ப் பாரு."

டீச்சர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் இன்ஜினைத் தொடங்கினான். உயரம் கூட்டுகிற பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பின்னாலிருந்து தையல் மெஷின் ஓடுவது போன்ற சத்தம் வந்தது. பிறகு மகாராணி எழுந்தாள். முதலில் பின்பக்கம், தயங்கித் தயங்கி வலது மூலை, அப்புறம் முன்பக்கம். பழக்கடையின் தகரக் கூரை ஜன்னலில் மெல்லக் கீழே இறங்கியது.

"டீச்சர், தூக்குது பாருங்க," என்றாள் அக்கா. அவள் குரலில் கேலி இல்லை. ராட்டினத்தில் உட்கார்ந்த பெண்ணின் குரல் மாதிரி இருந்தது.

சிவப்பு விளக்கு அணைந்தது. தம்பி சாலையில் ஏறினான். வண்டி உயரத்தில் கொஞ்சம் விறைப்பாக இருந்தது, ஆனால் நேராகப் போயிற்று. ஒரு வளைவு, இரண்டு வளைவு, அவன் காதுகள் வலது பின்சக்கரத்திலேயே இருந்தன. சீறல் இல்லை. தான் சொன்னது நடக்கிறது என்று தெரிந்ததும் அவன் தோள்கள் இறங்கின. கியரை ஒன்று குறைத்து, இன்ஜினைச் சிரமப்படுத்தாமல், முகத்தில் அறையாத காற்று வருகிற அளவுக்கு ஓட்டினான். தன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக வண்டி ஓட்டியதில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"ஹாரன்," என்றாள் அக்கா. அடித்தான்.

தைல மரங்கள் முடிந்து தேயிலைச் சரிவுகள் தொடங்கின. வெயில் மேகத்தை விலக்கிக்கொண்டு வந்து சரிவின் ஒரு பாதியில் மட்டும் விழுந்தது. "ஹாரன்." அடித்தான். எதிரே பால் வேன் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது.

அடுத்த வளைவு நீளமானது. வண்டி சாயத் தொடங்கி, சாய்ந்து, நிமிர்ந்தது. பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. தூங்கியிருப்பாள் என்று நினைத்தான். அடுத்ததும் வந்தது. தானே ஹாரன் அடித்தான். அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தான். டீச்சர் அக்காவின் தலையைத் தன் தோளிலிருந்து மடிக்கு மாற்றியிருந்தாள். ஒரு கை அக்காவின் நெற்றியில் இருந்தது. டீச்சரின் கண்கள் அவன் கண்களைக் கண்ணாடியில் சந்தித்தன.

"நீங்க ஓட்டுங்க," என்றாள் டீச்சர்.

அவன் ஓட்டினான். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற சாலையில் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம் ஒன்று இருந்தது. அதன் முன்னால் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, ஒரு சக்கரத்தை இறக்கி, ஏற்றி, அடுத்த சக்கரத்தை இறக்கி, ஏற்றினான். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தான்.

அக்காவின் மகள் வாசலில் காத்திருந்தாள். கட்டட வேலை பார்க்கிற பொறியாளர். பிரயாணக் களைப்போடும், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டையோடும் நின்றாள். அம்மாவின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்ததைச் சொல்ல ஓடிவந்தாள். "மாமா, கட்டில எடுத்து…" என்று தொடங்கினாள். தம்பி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் பின்ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அம்மா தூங்குறாங்களா அத்தை?"

டீச்சர் உள்ளிருந்தபடியே ஒரு கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மகள் குனிந்து, கதவைத் திறந்து, அம்மாவின் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே தெருவில் மண்டியிட்டாள்.

அக்காவைத் தம்பிதான் தூக்கினான். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு எலக்ட்ரிசியன் ஓடிவந்து கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து பிடித்தார். மகள் முன்னால் நடந்து நாற்காலிகளை ஒதுக்கினாள். ஜன்னலோரக் கட்டிலில் புதிதாக விரித்திருந்த போர்வையின் மேல் அவளைக் கிடத்தினான். டீச்சர் அவள் சேலையைச் சரிசெய்தாள். முகத்தில் பட்ட வெயிலை மறைக்க மகள் திரையை இழுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, மறுபடி திறந்துவிட்டாள்.

தெரிந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். யாரோ தண்ணீர்க் குடம் கொண்டுவந்தார்கள். யாரோ செருப்புகளை ஓரமாக அடுக்கினார்கள். மீசைக்குத் தம்பிதான் போன் செய்தான். மறுமுனையில் யார்டின் ஷட்டர் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும், யார் எந்த வழியில் வருவார்கள், எந்த வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்னான். குரல் பிசிறவில்லை. அவனிடம் கேட்டால் பதில் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எலக்ட்ரிசியன் அவன் தோளைத் தொட்டார். "தம்பி, வண்டியோட பின்கதவு திறந்தே கிடக்கு. உள்ள லைட்டு எரியுது. பேட்டரி எறங்கிரும்."

அவன் வெளியே வந்தான். பின்சீட்டில் தலையணை நடுவில் அமுங்கிக் கிடந்தது. டீச்சரின் கைக்குட்டை, மருந்துப் பை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். தலையணையை மட்டும் எடுக்கவில்லை.

கடைசி வருஷத்து மகாராணியின் கதவை அறைந்து சாத்த வேண்டியதில்லை. பூட்டைத் தொடுகிற தூரத்துக்குக் கொண்டுவந்தால் போதும், மீதியை வண்டியே இழுத்துக்கொள்ளும். அவன் கதவை மெல்லத் தள்ளி, அந்தத் தூரத்தில் நிறுத்தி, விளிம்பின் மேல் கையை வைத்தபடி நின்றான். வீட்டுக்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். கதவு அவன் விரல்களுக்கு அடியிலிருந்து நகர்ந்து, சத்தமில்லாமல், தானாகச் சாத்திக்கொண்டது.